நிறுத்திய இடங்கள்

செப்டம்பர் 1, திங்கள்

மறுபடியும் டப்பென்று உடைந்தது. இழுத்தால் எஃகு கொஞ்சமாவது நீள வேண்டும், நடுவில் இளைக்க வேண்டும், அப்புறம்தான் அறுபட வேண்டும். என்னுடையது சாக்பீஸ் மாதிரி இரண்டாகிறது. உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக ஒரு கட்டையாக அச்சடிக்கிறோம். அச்சடித்தபடியே இழுத்துப் பார்த்தால் நன்றாக நீள்கிறது, பலம் இல்லை. உலையில் வைத்துப் பதப்படுத்தினால் பலம் வருகிறது, நீட்சி போய்விடுகிறது. இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தரமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பி.எச்டி. பதிவு ரத்து. இதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. பட்டம் இல்லாத உதவிப் பேராசிரியர்கள் அடுத்த கல்வியாண்டில் வர வேண்டாம் என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. ஆக, நான்கு மாதத்தில் இந்த எஃகு மனம் மாறவில்லை என்றால், நாற்பத்தோரு வயதில் நான் வேலை தேட வேண்டும்.

வரும் வழியில் இட்லி அரிசி வாங்க மறந்து, பாதி தூரம் வந்தபின் திரும்பிப் போய் வாங்கினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

என் கைடு செங்கோடன் சார் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தலையை ஆட்டினார்.

"ஒரே பவுடர், ஒரே மெஷின், ஒரே ஆளு. ரிசல்ட் மட்டும் ஏம்மா கட்டைக்குக் கட்டை மாறுது? போன வருஷம் ஒண்ணு சுமாரா வந்துச்சு. அதுக்கப்புறம் நாலு மோசம். கவனம் பத்தல கலாமணி. உடம்பு இங்க இருக்குது, மனசு வீட்ல இருக்குது."

மனசு இங்கேதான் இருக்கிறது சார், வீடும் கூடவே வந்துவிடுகிறது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கைடிடம் எதிர்த்துப் பேசிவிட்டு யார் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்?

வீடு எப்படி வருகிறது என்றால் இப்படி. லேசர் அறையின் சுவர் முழுக்க இரும்புத் தகடு. உள்ளே சிக்னல் கிடையாது. நான் ஆய்வில் சேர்ந்த புதிதில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்டபோது, மூன்று மணி நேரம் என்னைப் பிடிக்க முடியவில்லை. மாமியார் தரையில் கிடக்க மருமகள் எங்கே போனாள் என்ற பேச்சு இன்றைக்கும் சொந்தத்தில் ஓடுகிறது. அன்றிலிருந்து என் போன் வெளியே லேப் உதவியாளர் பொன்னுசாமியிடம் இருக்கும். அவர் எடுத்துப் பேசிவிட்டுக் கண்ணாடியில் தட்டுவார். "மேடம், வூட்லருந்து போனுங்க." ஆள் இல்லாமல் லேசர் ஓடக்கூடாது என்பது விதி. நான் லேசரை நிறுத்தி வைக்கும் ஹோல்டு பட்டனை அழுத்திவிட்டு வெளியே வருவேன். துவரம்பருப்பு எந்த டப்பாவில் என்று சொல்வேன். உள்ளே போவேன்.

செப்டம்பர் 10, புதன்

ஹர்ஷினி, என் மகள், ஒன்பதாவது படிக்கிறவள், சாப்பிடும்போது கேட்டாள். "நீ என்னதாம்மா பண்றே? ஃப்ரெண்ட்ஸ் கேட்டா சொல்லத் தெரியல."

"முறுக்கை வளைச்சா உடையுது. பச்சை மாவை வளைச்சா வளையுது, ஆனா மேல ஒண்ணு வெச்சா அமுங்கிப் போகுது. உடையாம, அமுங்காம ஒண்ணு செய்யறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்படி ஒரு பலகாரமே இல்லையேம்மா."

"அதான் ஏழு வருஷம் ஆகுது."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. முறுக்கு என்றதும், தீபாவளிக்கு மாவு எப்போது அரைக்கப் போகிறோம் என்று கேட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

வகுப்பு, வகுப்பு, வகுப்பு. மெஷின் பக்கமே போகவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் நாத்தனார் சுமதிக்குப் புதுவீட்டுப் பால் காய்ச்சு. அண்ணன் வீட்டுச் சீர் போக வேண்டும். நான் காலையில் புதுக் கட்டையைத் தொடங்கி, பத்து அடுக்குகூட ஏறியிருக்காது, கண்ணாடியில் தட்டல். அவர்தான்.

"கலா, தாம்பாளத் தட்டு எத்தன வெக்கோணும்? ஒம்பதா, பதினொண்ணா?"

பதினொன்று என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மறுபடி தட்டல். பதினொன்றில் பழத்தட்டு சேர்த்தியா, தனியா? அப்புறம் அத்தை. "அம்மிணி, சுமதிக்கு எடுத்த சேல எந்த பீரோல வெச்ச கண்ணு? சாவி எங்க?" சாவி கதவின் பின்னால் தொங்குகிறது. இருபது வருடமாகத் தொங்குகிறது. மதியம் கொஞ்சம் விட்டார்கள். மூன்று மணிக்கு மேல் பிடித்துக்கொண்டது பாருங்கள். வெற்றிலை, தேங்காய், கேஸ்காரன், ஹர்ஷினியின் வெள்ளை சார்ட், மறுபடி வெற்றிலை, வண்டி ஐந்தரைக்கா ஆறுக்கா. பொன்னுசாமிக்கே பாவமாகப் போயிற்று. "நான் வேணா மேடம் பாத்ரூம் போயிருக்காங்கனு சொல்லிடட்டுங்களா?" என்றார். எத்தனை முறை சொல்வார், பாவம். எனக்கு என்ன வியாதி என்று கேட்டு அதற்கும் போன் வரும்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கத்தினேன். என் வேலையை நீங்கள் யாரும் வேலையாகவே நினைக்கவில்லை, தட்டு எண்ணத் தெரியாத ஆளா நீங்கள், உங்கள் பம்ப் கடையில் நாலாயிரம் உதிரிபாகத்துக்கும் இடம் தெரிகிறதே, வீட்டில் ஒரு பீரோ சாவிக்கு இடம் தெரியாதா என்று கத்தினேன். அவர் எண்ணி வைத்த தட்டுகளை மறுபடி அடுக்கினார். அத்தை சமையலறைக்குள் போய்விட்டார். ஹர்ஷினி சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

கத்தியதில் வருத்தம் இல்லை. ஆனால் தலை வலிக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் அவர் எல்லோரையும் கூட்டி உத்தரவு போட்டார். "இன்னைல இருந்து கலாவுக்கு யாரும் காலைல ஒம்பதுல இருந்து சாய்ங்காலம் அஞ்சு வரைக்கும் போன் பண்ணக்கூடாது. என்ன ஆனாலும் சரி. எனக்குப் பண்ணுங்க." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கோபம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது கிடைத்தது.

செப்டம்பர் 24, புதன்

கட்டையை, மின்கம்பியால் உலோகம் அறுக்கும் வயர்கட் கடைக்கு அனுப்பினேன். மேல் பாதியிலிருந்து இழுவைத் துண்டுகள், மிச்சம் எனக்குத் திரும்ப. பூஜை நெருக்கத்தில் அவர்களுக்கு வேலை குவிந்து கிடக்கிறதாம். ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

ஒரு போன்கூட வரவில்லை. போன் ஓடுகிறதா என்று பொன்னுசாமியிடம் வாங்கிப் பார்த்தேன். ஓடுகிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொன்னுசாமி லேசர் மெஷினுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டினார். பொடித் தொட்டிப் பக்கம் விபூதி போகாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரும்பாடு. செங்கோடன் சார் இழுவை இயந்திரத்துக்குத் தானே சூடம் காட்டினார். அதுவாவது இந்த வருடம் பொய் சொல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாராம்.

அக்டோபர் 6, திங்கள்

நீண்டது! பலமும் இருந்தது!

உலையில் வைக்காத துண்டு. வழக்கமாக இந்த நிலையில் எந்த இழுப்புக்கு மெழுகு மாதிரி இளகிவிடுமோ அதைத் தாண்டிற்று. ஆயிரத்தைத் தாண்டி, ஆயிரத்து இருநூறைத் தாண்டி, ஆயிரத்து முந்நூறு மெகாபாஸ்கலைத் தொட்டது. இப்போது உடையும், இப்போது உடையும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், அது பாட்டுக்கு நீள்கிறது. பத்து சதவீதம் நீண்டு, நடுவில் அழகாக இளைத்து, அப்புறம்தான் போயிற்று. இரண்டாவது துண்டும் அப்படியே. மூன்றாவதும்.

பொன்னுசாமி எதற்கு என்று தெரியாமலே கை தட்டினார். நான் அழுதேன். அவர் எனக்கு டீ வாங்க ஓடினார்.

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். அவர் முகம் மூன்று வாரத்துக்குப் பிறகு மலர்ந்தது.

"பாத்தியா? தொல்ல பண்ணாம விட்டோம். உடனே வந்துருச்சு. இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன, விடமாட்டம்னா சொல்லப் போறோம்?"

முதலிலேயே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் அவர் சொன்னது உண்மை என்றுதான் நானும் நினைக்கிறேன். நிம்மதி கிடைத்தால் வேலை நடக்கும். இனி இதையே மூன்று தடவை திரும்பச் செய்து காட்டிவிட்டால் முடிந்தது.

அக்டோபர் 16, வியாழன்

திரும்பவில்லை. அதே பொடி, அதே வேகம், அதே வாயு. காலை ஒன்பதுக்குத் தொடங்கிய கட்டையை மாலை வரை அறையை விட்டு அசையாமல் முடித்தேன். இந்த முறை வயர்கட் கடையில் உட்கார்ந்து கையோடு வெட்டி வாங்கி வந்தேன். மெழுகு. பழைய கதை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு நன்றாக உடைந்தது.

அக்டோபர் 27, திங்கள்

அடுத்த கட்டையும் மெழுகு. இதைவிட ஒழுங்காக ஒருத்தி அச்சடிக்க முடியாது. தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வரவில்லை. முன்பாவது கட்டைக்குக் கட்டை மாறியது. இப்போது எல்லாம் ஒரே மாதிரி மோசமாக வருகிறது. "இப்பதான் கன்சிஸ்டென்சி வந்திருக்கு" என்கிறார் செங்கோடன் சார். கிண்டலா பாராட்டா, தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மாலை வீட்டுக்குள் நுழைந்தால் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. பக்கத்து வீட்டுப் பெண்கள். அத்தை ஹர்ஷினிக்குத் தலைக்கு ஊற்றி, புதுப்பாவாடை கட்டி, தனி அறையில் உட்கார வைத்திருக்கிறார். பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம். காலை பதினோரு மணிக்கு, பள்ளியில். டீச்சர் அவருக்குப் போன் செய்து, அவர் கடையை அடைத்துவிட்டுப் போய் அழைத்து வந்திருக்கிறார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீதான கலா போன் பண்ணக்கூடாதுன்னே." குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்கிறார். "உன் நம்பர் வரைக்கும் எடுத்தேன். அப்புறம் நீ லேசர்ல இருப்பே, வந்து சத்தம் போடுவேன்னு வெச்சுட்டேன்."

வெற்றிலைக்கு இரண்டு தடவை கூப்பிட்ட மனிதர். எதற்குக் கூப்பிட வேண்டும், எதற்குக் கூடாது என்று பிரிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார், இல்லை எதற்கும் கூப்பிட மாட்டார். நடுவில் ஒன்று இந்த வீட்டில் கிடையாது. நான் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அடுப்பைத் துடைத்தேன்.

ஹர்ஷினி என்னைப் பார்த்ததும், "வலிக்குதும்மா" என்றாள். "காலைல நீ வருவேன்னு நெனச்சேன்."

நவம்பர் 6, வியாழன்

சார் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"அந்த செப்டம்பர் கட்டைய மட்டும் வெச்சு எழுதிரும்மா. மூணு துண்டு இருக்குது, டேபிள் போட்டாச்சு. 'உகந்த நிலை'ன்னு தலைப்பு வை. திரும்ப வருதான்னு யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"கேட்டா என்ன சார் சொல்றது?"

"கேக்கும்போது பாத்துக்கலாம்."

மனுஷர் கெட்டவர் இல்லை. அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். கடைசி மாணவி தோற்றுப் போனாள் என்று அவருக்கும் இருக்கக்கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. எப்படி வந்தது என்றே தெரியாத ஒன்றை நான் செய்தேன் என்று எப்படி எழுதுவது?

நவம்பர் 12, புதன்

புதுப் பொடி வாங்கிப் பார்த்தேன். இல்லை. செப்டம்பரில் மழை, காற்றில் ஈரம் இருந்திருக்குமோ என்று அறையில் வாளித் தண்ணீர் வைத்துக்கூடப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பார்கள். எலுமிச்சம்பழம் கட்டிய பிறகுதான் கெட்டுப்போனது என்று பொன்னுசாமி அவிழ்த்துவிட்டார். அதையும் தடுக்கவில்லை. என் படிப்பு இந்த லட்சணத்தில் இருக்கிறது.

முதல் மூன்று அத்தியாயங்களைத் தட்டச்சு செய்துவிட்டேன். நான்காவதுக்குத் தலைப்பு மட்டும் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

செப்டம்பர் கட்டையின் மிச்சத்தை எடுத்தேன். இதுவரை மைக்ரோஸ்கோப்பில் துளைகளை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன், துளைதான் காரணம் என்று சார் அடித்துச் சொன்னதால். துளை பார்க்கப் பாலிஷ் போட்டால் போதும். இன்றைக்கு வேறு வழியில்லாமல் ஆசிட்டும் தடவினேன். கழுவித் துடைத்தால், மைக்ரோஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வெள்ளை எஃகில் குறுக்காகக் கறுப்புக் கோடுகள். கீழே நெருக்கமாகச் சில. நடுவில் வெறுமை. மேல் பாதியில் அடுக்கி வைத்த மாதிரி கோடு மேல் கோடு.

நிம்மதியாக அச்சடித்த அக்டோபர் கட்டையை எடுத்து அதே போல் ஆசிட் தடவினேன். ஒரு கோடுகூட இல்லை.

கோடு போட்ட கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டை கீழிருந்து மேலே வளர்கிறது. ஆக, கீழே காலை, மேலே மாலை. காலையில் சில கோடு, மதியம் ஒன்றும் இல்லை, மூன்று மணிக்கு மேல் ஏகப்பட்டது. மதியம் ஏன் இல்லை? மதியம் அத்தை தூங்குவார்.

இந்தக் கட்டையை அச்சடித்தது செப்டம்பர் 18, போன் கூடாது என்ற உத்தரவுக்கு முந்தின நாள்; அதை இதுவரை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பொன்னுசாமியிடம் போனை வாங்கி அந்த நாளைத் தேடினேன். எல்லாம் இருக்கிறது. இது தாம்பாளத் தட்டு. இது பழத்தட்டு. இது பீரோ சாவி. இந்த அகலமான வெள்ளை அத்தையின் தூக்கம். இது வெற்றிலை, இது தேங்காய், இது சார்ட், இது மறுபடி வெற்றிலை.

நிறுத்திய இடமெல்லாம் இறுகியிருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

முழுக்கப் புரிந்துவிட்டது, எழுதி வைக்கிறேன். நிறுத்தாமல் அடித்தால் கட்டை சூடாகவே இருக்கிறது. இறுகுவதற்கு அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தினால் இருநூறு டிகிரிக்குக் கீழே இறங்குகிறது, உள்ளமைப்பு மாறுகிறது. மறுபடி லேசர் மேலே ஓடும்போது அந்தச் சூட்டிலேயே அந்தப் பட்டை பதப்படுகிறது. உலை தேவையில்லை. கடினமான பட்டை, மென்மையான பட்டை, மாற்றி மாற்றி. பலத்தை ஒன்று தருகிறது, நீட்சியை மற்றது தருகிறது. மேல் பாதியில் வெட்டியதால் துண்டுகள் அப்படி நின்றன.

அடுக்குகளுக்கு இடையே நிறுத்துவது பற்றிக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது வேறு யாரோ திட்டமிட்டுச் செய்வது என்று நினைத்திருந்தேன். பொன்னுசாமி கண்ணாடியில் தட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு உறைக்கவில்லை. வேகம், வாயு, பொடி எல்லாம் குறித்து வைத்தேன். ஹோல்டைக் குறிக்கவில்லை. அதை வேலையில் ஒரு பகுதியாகவே நான் எண்ணவில்லை.

ஏழு வருடமாகக் கட்டைக்குக் கட்டை மாறியதும் இதனால்தான். போன் அதிகம் வந்த நாள் சுமார், வராத நாள் மோசம். என் கவனக்குறைவு என்று கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்டேன்.

சந்தோஷப்பட வேண்டும். கோபம்தான் வருகிறது. கும்பிட்டுக் கேட்டு வாங்கிய நிம்மதியில் மெழுகு வந்தது, தொல்லையில் எஃகு வந்தது என்றால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

நவம்பர் 25, செவ்வாய்

நானே நிறுத்துகிறேன். சில அடுக்குக்கு ஒரு முறை ஹோல்டு, வெப்பமானி இருநூறுக்குக் கீழே வரும் வரை காத்திருப்பு. முதல் இடைவெளியில் எழுந்து மேசையைத் துடைத்தேன். இரண்டாவதில் பேனாக்களை அடுக்கினேன். மூன்றாவதில் செய்ய ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்தேன். சும்மா உட்கார்வது எனக்கு மறந்தே போயிருக்கிறது. கை எதையோ தேடுகிறது.

டிசம்பர் 8, திங்கள்

முதல் கட்டை: வந்துவிட்டது. இரண்டாவது: வந்துவிட்டது. மூன்றாவது, நான் வகுப்புக்குப் போயிருந்தபோது பொன்னுசாமியை உட்கார வைத்து நிறுத்தச் சொன்னது: அதுவும் வந்துவிட்டது. யார் நிறுத்தினாலும் வருகிறது.

சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் அவருக்கே உரிய பாணியில், "இத நாம வெப்பக் கணக்கு போட்டு, அதுல இருந்து டிசைன் பண்ணினதா எழுதிரலாம். போன் கீன்லாம் வேண்டாம், சிரிப்பாங்க" என்றார். கணக்கு இப்போது போட்டாயிற்று. பொய்யும் இல்லை. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வீட்டில் அவர் கேட்டார், கடைசியில் எப்படி வந்தது என்று. கொஞ்சம் விட்டு விட்டு அச்சடித்தேன், வந்துவிட்டது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே கடையில், பொள்ளாச்சியில், மாமா வீட்டில் எல்லாம் தெரியும்: கலாவின் எஃகு எங்கள் போனால் வந்தது. நல்ல நாள் கெட்ட நாளில் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும். மாட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். ரசீதில் முத்திரை சரியாக விழவில்லை. இன்னொரு முறை குத்தச் சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

கல்லூரியில் மகளிர் தின விழா. ஓய்வுக்கு முந்தைய பேச்சு என்று செங்கோடன் சாரை மேடையேற்றினார்கள். "நம்ம கலாமணி மேடம் பண்ணின எஃகு மாதிரிதான் பெண்கள். உறுதியும் இருக்கும், வளைஞ்சும் கொடுப்பாங்க" என்றார். பலத்த கைதட்டல். முன் வரிசையில் இருந்ததால் நானும் தட்ட வேண்டியிருந்தது. அந்த எஃகை எவ்வளவு இழுத்தால் அறுந்துபோகும் என்றும் நான் அளந்து எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

வைவா முடிந்தது. எல்லோருக்கும் டிபன் சொல்லியிருந்தோம். கேசரி கொஞ்சம் கட்டி. குடும்பம் முழுக்கக் கடைசி வரிசையில். அவர் வெள்ளைச் சட்டை, அத்தை பட்டுச்சேலை, ஹர்ஷினி போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஓய்வு பெற்றுவிட்டாலும் சார் கைடாக வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திருச்சிக்காரர். நரைத்த மீசை, மெதுவான குரல். நாற்பது நிமிடம் படம் காட்டினேன். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தமிழிலேயே கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. கணக்கு பின்னாடி போட்டதுன்னு பார்த்தாலே தெரியுது. நிறுத்திப் பார்க்கலாம்னு மொதல்ல எப்படித் தோணிச்சு?"

சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சொல்ல வேண்டிய பதில் தயாராக இருந்தது. பத்து முறை ஒத்திகை பார்த்தது. வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"தோணல சார். வீட்ல இருந்து போன் வந்துச்சு. அதுக்காக நிறுத்தினேன்."

அரங்கம் சிரித்தது. தட்டு, பழம், வெற்றிலை என்று எந்தக் கோடு எந்தப் போன் என்பதைத் திரையில் காட்டினேன். சிரிப்பு இன்னும் பலத்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர்தான். எழுந்து நின்றுவிடுவார் போல் இருந்தது. அத்தையின் காதில் குனிந்து ஏதோ சொன்னார், அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பயந்தபடியே நடந்தது.

தேர்வாளரும் சிரித்துக்கொண்டே, "அப்ப தொந்தரவு நல்லதுன்னு சொல்லுங்க" என்றார்.

"எஃகுக்கு நல்லது சார்."

"உங்களுக்கு?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு விளையாட்டாக வரவில்லை.

"எஃகு நிறுத்தின இடத்துல இருந்து தொடங்கிக்கும் சார். நான் ஒவ்வொரு தடவையும் உள்ள போயி, என்ன யோசிச்சுட்டு இருந்தேன்னு மறுபடி மொதல்ல இருந்து தேடணும். ரெண்டு வருஷ வேலை இது. எனக்கு ஏழு வருஷம் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. என்ன சொன்னாள் என்று அத்தை அவர் கையைத் தொட்டுக் கேட்டார்.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தப் பதிலை ஆய்வேட்டுல சேருங்க, டாக்டர் கலாமணி" என்றார். முதல் முறையாக அப்படி ஒருவர் கூப்பிட்டார்.

எல்லோரும் காரில் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் தலைவலி என்று சொல்லி அறையில் படுத்துவிட்டேன். உண்மையில் தலைவலி இல்லை. எழுத வேண்டும் போல் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கிறேன். சமையலறையில் அவர் காப்பி போடுகிறார். டப்பா ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்கிறது. ஹர்ஷினியின் குரல். "அப்பா, நாட்டுச் சர்க்கரை எங்கன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வரட்டுமா?"

"வேண்டாம்."

"எல்லா டப்பாவும் பாத்தாச்சு."

"இன்னொருக்கா பாப்போம் கண்ணு. இங்கதான் எங்கியோ இருக்கோணும்."

மேல் அடுக்கில், ரவைக்குப் பின்னால், மூடி உடைந்த டப்பாவில் இருக்கிறது. இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். வாய் துடிக்கிறது.

தேடட்டும்.